ராமேஸ்வரம் தீவில் மாத வாடகைக்கு வீடு கிடைக்குமா?

கேள்வி, 10 ஜூன் 2025

ஆகஸ்டில் ராமேஸ்வரத்துக்கு மாற்றலாகி வருகிறேன். மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், முட்டிவலியுள்ள அம்மா. இணையத்தில் தேடினால் நாளுக்கு 1,200, நாளுக்கு 2,000 என்று ரூம்தான் வருகிறது. மாதம் 7,000 ரூபாய்க்குள், இரண்டு மூன்று வருஷம் நிம்மதியாக இருக்கிற மாதிரி வீடு கிடைக்குமா? பாலத்துக்கு முன்னாலேயே இருக்கும் மண்டபத்தில் இருந்துகொண்டு தினமும் வந்து போகலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரிப்படுமா?

10 ஜூன், இரவு

கிடைக்கும். ஆனால் இணையத்தில் தேடினால் கிடைக்காது. இங்கே மாத வாடகைக்கு விடுகிறவர்கள் வாசலில் போர்டு மாட்டுவதில்லை. மாட்டினால் யாத்திரை வருகிறவர்கள் பையோடு வந்து கதவைத் தட்டுவார்கள்.

நான் பரமக்குடிப் பக்கம். பல வருஷம் முன்னால் இங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுத வந்தேன். இப்போது இருப்பது நாலாவது வீடு. முதல் வீட்டுக்கார அண்ணன் வந்த வருஷமே எனக்கு விளக்கமாகச் சொன்னார்: "ஒங்ககிட்ட மாசம் ஏழாயிரம் வாங்குறேம்மா. இதே ரெண்டு ரூமை அமாவாசைக்கு முன்னபின்ன மூணு நாள் விட்டா அந்தக் காசு வந்துரும். மிச்ச நாள் பூட்டிக் கிடந்தாலும் எனக்கு நட்டமில்ல." சொன்னபடியே மறு வருஷம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். ஆடி அமாவாசைக்கு இருபது நாள் இருந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்த சமயம். இன்றைக்கு அந்த வீட்டில் நாலு ரூம், நாலு கட்டில், நாலு ஏசி.

தம்பி, இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வீட்டைப் பார்க்கும் முன் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். வாடகை குறைவாகச் சொல்கிறாரா என்பது இரண்டாவது. அவர் கூடிய சீக்கிரம் அதை ரூமாக மாற்றக்கூடியவரா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

மண்டபம் நல்ல யோசனைதான். வாடகை குறையும்.

11 ஜூன், காலை

எங்கே தேடுவது என்று எழுத விட்டுப்போனது. ரத வீதிகள், சன்னதி தெரு, அக்னி தீர்த்தத்துப் பக்கம், இவற்றை விட்டுவிடுங்கள். கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற எந்த வீடும் இன்றோ நாளையோ ரூம் ஆகிவிடும். பாலத்திலிருந்து வரும் வழியில் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று வரிசையாக ஊர்கள். குடும்பங்கள் குடியிருப்பது அங்கேதான். தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பத்து கிலோமீட்டர் போல வரும். டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்கு இலவசம். எனக்கு மாதாமாதம் அதில் மிச்சமாகிற காசு சின்னதில்லை.

14 ஜூன், இரவு

இன்று மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் இன்று சாப்பிடக்கூட நேரமில்லை. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீடு தேடுவதற்கும் தடைக்காலத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.

இந்த இரண்டு மாதம் படகுக்காரர்களுக்கு வரும்படி இருக்காது. அதே சமயம் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது, எஞ்சின் வேலை, புது வலை எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் முடிக்க வேண்டும். கையில் மொத்தமாகப் பணம் தேவைப்படும். அப்போது மாடி போர்ஷனையோ பின்கட்டையோ ஒத்திக்கு விடுவார்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. தவணை முடிந்து காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். நாங்கள் மூன்றாவது வீட்டில் அப்படித்தான் மூன்று வருஷம் இருந்தோம். மூன்று வருஷமும் யாரும் "காலி பண்ணு" என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பணம் முதலில் வந்தாக வேண்டுமே.

ஒத்தியில் இரண்டு விஷயம் பாருங்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அப்புறம், ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு சாட்சி போட்டு வைத்துக்கொள்வது இங்கே சாதாரணம். பணம் திரும்பக் கேட்கும் நாளில் அது கைகொடுக்காது.

15 ஜூன், காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். மனசுக்குச் சரியாகப் படவில்லை. கையில் காசில்லாத நேரம் பார்த்துப் பேரம் பேசு என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். நாங்கள் அந்த அண்ணன் கேட்ட தொகையைத்தான் கொடுத்தோம். அவருக்கு எஞ்சின் வேலை முடிந்தது, எங்களுக்கு மூன்று வருஷம் ஒரு கூரை கிடைத்தது. அந்த வீட்டில் கடைசி வரைக்கும் மீன் கொடுத்து அனுப்பாத வாரம் கிடையாது.

15 ஜூன், மதியம்

மண்டபம் பற்றி நான் எழுதியது அவசரப் பேச்சு. என் கூட வேலை பார்க்கும் பெண் ஒரு வருஷம் அங்கிருந்து வந்து போனவள். அவளிடம் கேட்டேன். வாடகையில் 1,500 குறைந்தது, பாதியை பஸ் எடுத்துக்கொண்டது, மீதியை அலுப்பு எடுத்துக்கொண்டது என்றாள். மண்டபம் ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் விடுமுறை நாளில் பாம்பன் சாலைப் பாலத்தில் கார்களை நிறுத்தி ஆட்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அரை மணி நேரப் பயணம் ஒன்றே கால் மணி நேரம் ஆகும்.

ரயிலை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ராமநவமியன்று, புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே கிடையாது. இப்போது ஓடுகிறது, சந்தோஷம். காற்று கூடினால் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி வைப்பார்கள். தினமும் ஒன்பது மணிக்கு வேலையில் இருக்க வேண்டியவருக்கு அது சரிப்படாது.

மண்டபம் முகாம் பக்கம் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம், கடலோரக் காவல்படை என்று வேலை பார்ப்பவர்களுக்கு மண்டபம் சரிதான். தீவுக்குள் வேலை என்றால் தீவுக்குள் குடியிருங்கள்.

16 ஜூன்

தனுஷ்கோடி பற்றி இன்னொருவர் கேட்கிறார். அங்கே வாடகைக்கு வீடு இல்லை. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்ததும் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இன்னும் அங்கே குடிசை போட்டு இருப்பவர்கள் கடல் தொழில் செய்கிற குடும்பங்கள். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே போய் வீடு கேட்காதீர்கள்.

6 ஜூலை

தம்பி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கோயிலுக்கு மேற்கே ஒரு கட்டடம், கீழ் போர்ஷன், 6,500 ரூபாய், அம்மாவுக்குப் படி ஏற வேண்டாம், பிடித்திருக்கிறது என்கிறார். மேல் மாடியில் யாத்ரீகர்களுக்கு ரூம் விடுகிறார்களாம்.

வேண்டாம். என் இரண்டாவது வீடு அதே மாதிரிதான். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு ஐந்து மணிக்கே உள்ளே நிற்க வேண்டும். அதற்காக நாலு மணிக்கு மாடி முழுக்கக் கதவு சத்தம், வாளி சத்தம். கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு படி ஏறுவார்கள். படி எப்போதும் வழுக்கும். முட்டிவலியுள்ள அம்மாவுக்குக் கீழ் போர்ஷன் சரி, வாசல் படி எல்லோருக்கும் பொதுதானே? மேலே போய் எல்லோரும் இன்னொரு முறை குளிப்பார்கள். தொட்டி ஒன்றுதான். எட்டு மணிக்கு எனக்குக் குழாயில் காற்றுதான் வரும்.

வந்தவர்கள் மேல் குற்றமில்லை. வாழ்நாளில் ஒரு தடவை காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக வேண்டும் என்று காசு சேர்த்து வருகிறவர்கள். ஒரு பீகார் அம்மா என் பிள்ளைக்குக் கங்கைத் தண்ணீர் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அவர்களுக்கு அது ஒரு நாள், நமக்கு அது தினமும்.

இன்னொன்று, ரூம் விடுகிற கட்டடத்தில் கரண்டு இணைப்பு வணிக இணைப்பாக இருக்கலாம். அப்படி இருந்தால் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கிற 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடையாது, யூனிட் விலையும் கூடும். வீடு பார்க்கப் போகும்போதே கரண்டு பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டரா, யார் பெயரில், என்ன வகை என்று எல்லாம் அதில் இருக்கும். காட்டமாட்டேன் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

24 ஜூலை

இன்று ஆடி அமாவாசை. இன்றும் நாளையும் வீடு பார்க்க வராதீர்கள். யாரிடமும் பேச முடியாது.

2 ஆகஸ்ட்

தம்பி வந்து சேர்ந்துவிட்டார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு லாட்ஜில் தனியாக இருக்கிறார். அட்வான்ஸ் பற்றிக் கேட்டார், ஒருவர் பத்து மாத வாடகை கேட்கிறாராம்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பக்கத்தை போனில் காட்டிப் பேசுங்கள்.

3 ஆகஸ்ட்

நேற்று சொன்னதில் ஒரு திருத்தம், முக்கியமானது. மூன்று மாதம் என்பது, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரைதான். ஆறு மாதம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டால் அப்புறம் சட்டத்தைக் காட்ட முடியாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் பேசுங்கள்.

பதினொரு மாத அக்ரிமெண்ட் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பழைய பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்கப் பதினொன்று என்று எழுதும் பழக்கம் வந்தது. இந்தப் பழக்கம்தான் இங்கே குடியிருப்பவர்களுக்குக் கேடு. பதினொன்றாவது மாதம் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆடிக்கோ தைக்கோ முன்னால் முடிகிற மாதிரி எழுதியிருந்தால், அது யோசித்து எழுதியது.

என் இரண்டாவது வீட்டில் காலி செய்யும்போது ஜன்னல் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அட்வான்ஸில் 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நான் குடிபோன அன்றே அது துரு. ஆனால் என்னிடம் படம் இல்லை. சாவி வாங்கிய அன்றே ஜன்னல், கதவு, கூரை, குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

17 ஆகஸ்ட்

தண்ணீர். இதை ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சுற்றிலும் கடல் என்றாலும் தீவின் மணலுக்குள் நல்ல தண்ணீர் இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புத் தண்ணீர் மேல் ஒரு படலமாகத் தங்கும். வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள் இருந்தும் இனிப்பது பார்த்திருப்பீர்கள். அந்தப் படலத்தை மெதுவாக எடுத்தால் வருஷம் முழுக்க வரும். ஆழமாக போர் போட்டு மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும். ஒரு தெருவில் இரண்டு பெரிய லாட்ஜ் வந்தால் பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டுப்போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பரம்பரையாகக் குடித்த கிணறு. அந்த வீட்டு ஆச்சி வாளியை இறைத்து, வாயில் வைத்து, துப்பிவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

தங்கச்சிமடத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம். அது மல்லிகை நாற்று போடுகிற ஊர். இங்கிருந்து எங்கெங்கோ நாற்று போகிறது. உப்புத் தண்ணீரில் மல்லிகை நாற்று வராது. நாற்றங்கால் பக்கத்தில் வீடு கிடைத்தால் தண்ணீருக்குப் பயமில்லை.

பார்க்கப் போகும் வீட்டில் ஒரு சின்ன சோப்பைக் கையில் கொண்டு போங்கள். நுரை வராவிட்டால் உப்பு. அடுப்படியில் பழைய பாத்திரம் கிடந்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். குடிக்க எப்படியும் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவோம், குளிக்கத் துவைக்க எல்லாம் வாங்கினால் வாடகையில் 1,000 கூடிய மாதிரி.

21 செப்டம்பர்

மகாளய அமாவாசை. தம்பி லாட்ஜை இரண்டு நாள் காலி செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறார். என் கணவரும் அவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

22 செப்டம்பர்

நேற்று ராத்திரி அவர் கேட்டது: "அக்கா, ஒங்களுக்கு இந்த வீடு எப்படிக் கிடைச்சுச்சு?"

தண்ணீர் வண்டிக்காரர் மூலமாகத்தான். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுத்து முன்னே இரண்டு வீடு பார்த்தோம், இரண்டும் நிலைக்கவில்லை. தண்ணீர் வண்டி ஓட்டுகிற அண்ணனுக்கு எந்த வீட்டில் குடம் குறைந்தது என்று தெரியும். குடம் குறைந்தால் அங்கே ஆள் குறைந்துவிட்டது, போர்ஷன் காலி. அவர் சொல்லி அனுப்பித்தான் தங்கச்சிமடத்து அக்காவைப் போய்ப் பார்த்தேன்.

அக்கா முதலில் வீட்டைக் காட்டவில்லை. திண்ணையில் உட்கார வைத்து அரை மணி நேரம் என்னை விசாரித்தார். எந்த ஊர், யார் மகள், கணவர் குடிப்பாரா, பிள்ளை எங்கே படிக்கிறது. ரூமுக்கு விட்டால் காசு கூட வருமே அக்கா என்று நானே கேட்டுவிட்டேன். "சூட்கேசோட வாறவுகளுக்கு விட்டா நான் எப்ப தங்கச்சி நிம்மதியா தூங்குறது? வயசுக்கு வந்த புள்ளைய வச்சிருக்கேன். எனக்கு மாசம் பொறந்தா முகம் தெரிஞ்ச ஆளு கையில வாடகை வாங்கணும், அவ்வளவுதான்" என்றார். 5,500 வாடகை, 30,000 அட்வான்ஸ். இந்த இரண்டு வருஷமும் அதே வாடகை.

முப்பதாயிரம் மூன்று மாதத்துக்கு மேலே ஆயிற்றே என்று கேட்பீர்கள். ஆமாம். நாங்கள் ஒப்புக்கொண்டு எழுதினோம். அந்த அக்காவிடம் அது பெரிதாகத் தெரியவில்லை.

இந்த மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே காம்பவுண்டுக்குள் குடியிருக்கிற வீட்டுக்காரர், வீட்டில் பெண்பிள்ளைகளோ வயசானவர்களோ இருக்கிறவர், தினம் ஒரு புது முகத்தை உள்ளே விட மனசில்லாதவர். அவர்களைத் தேடுங்கள். சர்ச் வாசல், பள்ளிவாசல் தெரு, ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூட வாசல், இங்கெல்லாம் உங்கள் மனைவியோடு போய்ப் பேசுங்கள். தனியாகப் போகிற ஆம்பிளைக்கு வீடு இல்லை என்றுதான் சொல்வார்கள். குடும்பத்தைக் கண்ணில் பார்த்த பிறகு "பக்கத்துத் தெருவில் ஒண்ணு இருக்கு" என்பார்கள். ஏழு வாரம் லாட்ஜில் இருந்து தனியாகத் தேடி அலைந்தது அதனால்தான் பலிக்கவில்லை. இதை நான் முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தக் காசு மிச்சமாகியிருக்கும்.

12 அக்டோபர்

தம்பி தன் மனைவியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று வீடு பார்த்தோம்.

முதல் வீடு வடகடல் ஓரம், சங்குமால் பக்கம். ஜன்னலைத் திறந்தால் கடல். பாப்பா குதித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பூச்சு உப்பி வெடித்து, கம்பி வெளியே தெரிந்தது. உப்புக்காற்று சிமெண்டுக்குள் இறங்கி, உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, பூச்சைத் தள்ளிவிடும். தலைமேல் விழும். வாடைக்காற்று தொடங்கப் போகிறது, ஐப்பசி கார்த்திகையில் வடகடல்தான் கொந்தளிக்கும். வேண்டாம் என்று வந்துவிட்டோம். கடல் ஓரமே கூடாது என்று நான் யாரிடமோ சொன்ன ஞாபகம், அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் ஒரு வரிசை தென்னையும் நாலு வீடும் இருந்தாலே காற்றின் உப்பு பாதி நின்றுவிடும்.

இரண்டாவது வீட்டில் வீட்டுக்காரர் மதுரையில் இருக்கிறார், சாவி டீக்கடையில். நாலு அறையிலும் நாலு குளியலறை. அவர் என்ன நினைத்துக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது.

மூன்றாவது அக்காள்மடம். மாடி போர்ஷன், ஒரு ஹால், ஒரு அறை, அடுப்படி, 5,000. கீழே ஒரு தாத்தாவும் பாட்டியும். தனி மீட்டர், வீட்டு இணைப்பு. சோப்பு நுரைத்தது. பஸ் ஸ்டாப் இரண்டு நிமிஷம். பாட்டி பாப்பாவுக்குப் பனங்கருப்பட்டி கொடுத்தார், "நீ இங்கயே இருந்துக்க" என்றார். மாடிப்படி மட்டும் செங்குத்து, கைப்பிடியும் இல்லை.

19 அக்டோபர்

படிக்குக் கைப்பிடி போட்டுத் தர தாத்தா ஒப்புக்கொண்டார். பாதிச் செலவு தம்பியுடையது, அதை வாடகையில் கழித்துக்கொள்வது. அக்ரிமெண்ட் இரண்டு வருஷத்துக்கு, பதிவோடு. தாத்தா எழுதச் சொன்னபோது பாட்டி உள்ளேயிருந்து "மூணு வருசம்னு எழுதுங்க, புள்ள ஆறாப்பு முடிக்கட்டும்" என்று குரல் கொடுத்தார்.

26 அக்டோபர்

கைப்பிடிக்கு இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும். மரத்தில் போடச் சொல்லியிருக்கிறது, ஆசாரி செவ்வாய்க்கிழமை வருகிறார். அம்மா ஊரிலிருந்து அதற்கு அடுத்த வாரம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், இங்கே படி கிடையாது.